பிளக் செருகாத கீபோர்டு

என் அத்தானைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "நடந்ததை எழுதப்போறியா, இல்ல அவர் சொல்றதை எழுதப்போறியா?" என்பதுதான். இரண்டையும் எழுதுகிறேன். எது எது என்று பிரித்துக்கொள்வது படிப்பவர் பாடு.

அத்தான் லிப்ட் மெக்கானிக். மற்ற மெக்கானிக்குகள் லிப்ட் நின்றுபோனால் மீட்டரை எடுப்பார்கள். இவர் உள்ளே ஏறி, தகரச் சுவரில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வார். மோட்டாரின் முனகலைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பதுதான் எரிச்சல். கல்யாணமான புதிதில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனார்கள். காற்று, வெளிச்சம், பஸ் வசதி எல்லாம் இருந்தது. அத்தான் மட்டும் வாசலிலேயே நின்று, "இந்த வீட்டுத் தண்ணி மோட்டார் சுருதி சேரல" என்று வேண்டாமென்று சொல்லிவிட்டார். அக்கா இன்றும் அந்த வீட்டைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுகிறாள்.

அடித்தொண்டைச் சத்தத்துக்கென்றே பிறந்த அந்தக் காது பேஸ் கிட்டாரில் போய் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. நாலே நாலு கம்பி, ஒவ்வொன்றும் சுண்டு விரல் கனம். பாட்டுக்கு அடியில் டும் டும் என்று போய்க்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்துகளுக்கு வாசிக்கிற ஒரு நாலு பேர் குழுவில் இருபத்திரண்டு வருடமாக இதை வாசித்துவந்தார். அந்தக் குழு வாசித்த விழாக்களின் வீடியோக்களை எல்லாம் அக்கா பார்த்திருக்கிறாள். மொத்தமாக அத்தான் அவற்றில் பதினோரு வினாடி வருகிறார். அதிலும் நாலு வினாடி வெறும் தோள்பட்டை.

குழுவின் பாடகர் ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி. எல்லோரும் அவரைத் தலைவர் என்போம். அவரும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். டிரம்ஸ் வாசிப்பவர் பல் செட் செய்கிற தொழில் பார்ப்பவர், பேசவே மாட்டார். கீபோர்டுக்காரர் ஒருவர் இருந்தார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன், வார விடுமுறையில் குழுவுக்கு வேன் ஓட்டுபவன். எனக்கு இசை தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு நாள் கீபோர்டுக்காரர் வேறு குழுவுக்குத் தாவிவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தலைவர் அத்தான் வீட்டுக்கு வந்து, காப்பியை வாங்கி ஊதிக் குடித்து, பாதி டம்ளர் காலியான பிறகு வாயைத் திறந்தார்.

"அண்ணே, ஒரு ஆள் பேசி வச்சிருக்கேன். வலது கைல சிந்த் வாசிக்கறார், இடது கைல பேஸ். ரெண்டையும் ஒரே ஆளே பார்த்துக்கறார்."

"அப்ப நான்?"

"நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலைவீங்க. ரெஸ்ட் எடுங்கண்ணே."

சிந்த் என்றால் தெரியாதவர்களுக்காக: நடனப் பாட்டுகளில் இழுத்து இழுத்து வழுக்கிக்கொண்டு ஏறி, கேட்பவர் வயிற்றைக் கலக்குமே ஒரு மின்சாரச் சத்தம், அதுதான். கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் அது பாட்டுக்கு வரும். அதற்காக அத்தானின் இருபத்திரண்டு வருடத்தை முன்பின் தெரியாத ஒருவரின் இடது கைக்குத் தாரைவார்க்க வேண்டும் என்றார் தலைவர். எனக்குக் கோபம் வந்தது. அத்தானுக்கு வேறு ஏதோ வந்தது.

"மூணு மாசம் குடுங்க தலைவரே. அந்த சிந்த் சத்தத்தை நான் பேஸ்லயே கொண்டு வர்றேன். வரலைன்னா நானே போயிடறேன்."

தலைவர் சிரித்தார். அந்த இடது கை ஆளுக்கும் இன்னொரு இடத்தில் மூன்று மாதம் பாக்கி இருந்ததால் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மறு வாரத்திலிருந்து வீட்டுக்குப் பார்சல்கள் வர ஆரம்பித்தன. "லிப்ட் ஸ்பேர்" என்பார் அத்தான், அக்கா முகத்தைப் பார்க்காமல். பிரித்தால் உள்ளே சோப்பு டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி, மேலே இரண்டு திருகு, காலால் மிதிக்க ஒரு பொத்தான். பெடல் என்பார்கள். கிட்டாரிலிருந்து வரும் சத்தம் இந்தப் பெட்டிகளுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து, வேறு சத்தமாகி வெளியே வரும். ஆக்டேவ் என்று ஒரு பெட்டி, வாசிக்கிற சுரத்தை இன்னும் கீழே இறக்கும். ஃபஸ் என்று ஒன்று, வழவழப்பான சத்தத்தைச் சொரசொரப்பாக்கும். ஃபில்டர் என்று ஒன்று, கம்பியை எவ்வளவு பலமாகத் தட்டுகிறோமோ அவ்வளவு அகலமாக வாயைத் திறந்து 'வ்வ்வா' என்று கத்தும். ஹோல்டு என்று கடைசியாக ஒன்று. அதை மிதித்தால் அந்த நொடியில் இருக்கிற சத்தம் அப்படியே நிற்கும், மறுபடி மிதிக்கும் வரை.

"இதெல்லாம் எந்த லிப்டுக்கு?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள்.

"நம்மளை மேல ஏத்தப்போற லிப்டுக்கு" என்றார். அக்கா அடுத்த மூன்று நாள் அவரிடம் பேசவில்லை.

பேசாமலிருந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பேசினாலும் கேட்டிருக்காது. வீடு முழுக்க ஏதோ பெரிய மிருகம் ஜலதோஷம் பிடித்துத் தும்முவது மாதிரி ஒரு சத்தம். ஒரு மாதம் ஆகியும் அது சிந்த் ஆகவில்லை. அத்தான் முதலில் ஒயரைச் சந்தேகப்பட்டார். பிறகு கரண்டை. பிறகு அக்காவின் மிக்சியை. "நீ மிக்சி போடறப்ப ஆக்டேவ் மிரளுது" என்று சொல்லி, தான் வாசிக்கும் நேரத்தில் அரைக்கக் கூடாதென்று உத்தரவு போட்டார். அக்கா கரண்டியோடு வந்து பெட்டிகளின் முன்னால் நின்றாள்.

"எந்தப் பெட்டிக்குள்ள முதல்ல போகுது?"

"ஃபஸ். சொரசொரன்னு ஆக்குமே, அது. அடுத்தது ஆக்டேவ்."

"ஆக்டேவ் என்ன செய்யும்?"

"இது எந்தச் சுரம்னு கண்டுபிடிச்சு, அதைக் கீழ இறக்கும்."

"எல்லாத்தையும் கொத்திக் கூழாக்கிக் குடுத்துட்டு, இது என்ன காய்னு கண்டுபிடின்னா அது எங்க போகும்? முழுசா இருக்கறப்பவே காட்டித் தொலைங்களேன்."

அத்தான் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றினார். முதலில் ஆக்டேவ், அப்புறம் ஃபஸ், அப்புறம் ஃபில்டர். கம்பியைத் தட்டினார். வந்தது சிந்த். சந்தேகமே இல்லாத, வழவழவென்று வழுக்கி ஏறுகிற சிந்த். அக்கா சமையலறைக்குத் திரும்பிப் போய் மிக்சியைப் போட்டாள். அது பாட்டுக்கு ஓடியது, ஆக்டேவ் மிரளவில்லை. பிற்பாடு இந்தக் கண்டுபிடிப்பை அத்தான் தன்னுடையதாகத்தான் சொல்லிக்கொண்டார் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மீதி இரண்டு மாதம் பயிற்சி. ஆக்டேவ் பெட்டிக்கு ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் புரியும். பக்கத்துக் கம்பி லேசாக அதிர்ந்தாலும் கொப்பளிக்க ஆரம்பித்துவிடும். அதனால் அக்காவின் தலைமுடி ரப்பரை கிட்டாரின் கழுத்தில் மாட்டி மற்ற கம்பிகளை ஊமையாக்கினார். கைவிரல்களோடு கால்விரல்களும் வாசிக்க வேண்டியிருந்ததால் ஷூவை விட்டுவிட்டு மெல்லிய துணிச் செருப்புக்கு மாறினார். இத்தனை பாடுபட்டதற்கு ஒரு கீபோர்டு வாங்கி இரண்டு கையால் பழகியிருக்கலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். "ஐம்பது வயசுக்கு மேல புதுசா ஒண்ணு கத்துக்க முடியுமா மாப்ள?" என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

மூன்று மாதம் முடிகிற சமயத்தில் ஓர் ஓட்டலின் விருந்து ஹாலில் ஒரு வருட ஒப்பந்தம் வருவதாக இருந்தது. ஞாயிறுதோறும் மதிய விருந்து. முதலில் வந்து வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு புதன்கிழமை காலையில் போனோம். நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த காலி ஹால். மேனேஜர் ஒரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் அவருக்கு. பதிவு செய்த இசையை ஓடவிட்டுப் பாடக் கூடாது. இதற்கு முன் வந்த குழுவில் பாடகி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் குரல் மட்டும் பாடிக்கொண்டிருந்ததாம்.

அத்தான் அன்று வாசித்ததை நான் மறக்க மாட்டேன். ஒன்றும் தெரியாத எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு பாதி போவதற்குள் மேனேஜர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. ட்ராக் போடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ட்ராக் இல்ல சார். பேஸ் கிட்டார்."

"பேஸ் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? டும் டும்னு இருக்கும். கையை எடுங்க, பார்ப்போம்."

அத்தான் போலீஸ் பிடித்த மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். சத்தம் நிற்கவில்லை. ஹோல்டு பெட்டி தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

"சார், அது ஹோல்டு, நான் முன்னாடி வாசிச்சதைப் பிடிச்சு..."

"ஒயரைப் புடுங்குங்க."

கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. அந்தப் பெட்டியை இன்னொரு தடவை மிதித்தால் நின்றிருக்கும். விளக்கம் சொல்கிற மும்முரத்தில் அத்தான் காலை மறந்துவிட்டார். கிட்டாரில் ஒயரும் இல்லாமல், கம்பியில் கையும் வைக்காமல், காலி ஹாலில் பிரமாதமாக ஒலித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் எழுந்துவிட்டார். யாருக்குக் காது குத்தப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் ஒரு வழியும் சொன்னார்.

"கீபோர்டு சத்தம் வந்தா மேடையில ஒரு கீபோர்டு இருக்கணும். அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்கணும். அதுதான் லைவ். அடுத்த புதன்கிழமை அப்படி வாங்க, பார்க்கலாம்."

திரும்பும்போது வேனில் தலைவர் முன் சீட்டில் உட்கார்ந்து, "அந்த இடது கை ஆளைக் கூப்பிட்டுட வேண்டியதுதான்" என்றார். பின்னால் ஒயர்களுக்கு நடுவிலிருந்து அத்தான் குரல் வந்தது.

"மாப்ள, உனக்குக் கீபோர்டு தெரியுமா?"

"தெரியாது அத்தான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

இப்படித்தான் நான் இசைக்கலைஞன் ஆனேன். ஒரு பள்ளிக்கூடம் தூக்கிப்போட்ட கீபோர்டு கிடைத்தது. ஆறு கட்டைகள் அமுங்கியபடியே இருக்கும். பிளக் ஒயர் அதோடு வரவே இல்லை. கடையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி எடுத்து மாட்டிக்கொண்டேன். தோளை எப்போது குலுக்க வேண்டும் என்று அத்தான்தான் சொல்லிக்கொடுத்தார். "வாயை லேசாத் திறந்து வச்சுக்கோ, கீபோர்டுக்காரங்க அப்படித்தான் வச்சிருப்பாங்க." தன் சத்தத்துக்கு இன்னொருவனை முதலாளியாக்க மனிதர் அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டார். குழுவில் இருந்தால் போதும், அதற்காக எதையும் கொடுப்பார்.

அடுத்த புதன்கிழமை மேனேஜர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது லைவ். கை பேசுது பாருங்க" என்றார். ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதன் பிறகு ஆறு மாதம் எனக்கு ராஜயோகம். விருந்துக்கு வந்தவர்கள் மேடைக்கு வந்து கை குலுக்கினார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். ஓர் அம்மாள் எத்தனை வருடப் பயிற்சி என்று கேட்டார். "சின்ன வயசுலேருந்து" என்று சொல்லிவிட்டேன். அத்தான் இரண்டடி தள்ளிக் குனிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று வேனில் அவர், "சின்ன வயசுலேருந்தா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். "இத்தனை பேர் கேட்டும் அது பேஸ்னு ஒருத்தர் கண்டுபிடிக்கல மாப்ள" என்பார் வாராவாரம்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒருத்தரும் கண்டுபிடிக்கலைன்னு சந்தோஷப்படறதுக்கு நீங்க திருடப் போயிருக்கலாம்" என்றாள்.

பாராட்டை எல்லாம் எங்களைவிட அதிகமாகக் கேட்டவர் தலைவர். ஹாலில் ஒவ்வொரு மேஜையிலும், டிரைவிங் ஸ்கூலில் பழகவந்த ஆட்களிடமும், "உங்க கீபோர்டு பிரமாதம்" என்றே ஆறு மாதம் கேட்டார். முதலில் கண்ணைச் சிமிட்டுவார். பிறகு சிமிட்டுவதை நிறுத்தினார். பிறகு, "தம்பியை நான்தான் தேடிப் பிடிச்சேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் அதை வேடிக்கை என்று நினைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து அக்காவின் ஆபீஸ் சிநேகிதி வீட்டு விருந்து. அக்காவும் விருந்தாளியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மேடையில இடம் பத்தல. மூணு பேர் போதும்னு மேனேஜரும் சொல்றார். தம்பிக்குக் கை நல்லாப் பழகிடுச்சு. பேஸையும் அவரே இடது கையில பார்த்துக்கட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க."

நான் சிரித்தேன். தலைவர் சிரிக்கவில்லை. டிரம்ஸ்காரர் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர் நிஜமாகவே நம்பிவிட்டார்.

அத்தான் கத்துவார், பெட்டியைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னையிலேருந்தா?"

"இன்னையிலேருந்தே பழகட்டுமே அண்ணே."

"சரி" என்றார். கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். பெடல்களை எல்லாம் வரிசையாகப் பொருத்திய பலகையை மடித்துச் சுவரோரமாகச் சாத்தினார். பக்கவாட்டுக் கதவு வழியாக ஹாலுக்குள் போய், கடைசி வரிசையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தலைவரே, இதுல பிளக்கே இல்லையே" என்றேன்.

"அதெல்லாம் எலக்ட்ரீஷியன் பார்த்துப்பார். நீங்க வாங்க, நேரமாச்சு" என்று மேடைக்கு ஏறிவிட்டார்.

பாட்டு ஆரம்பித்தது. டிரம்ஸ் விழுந்தது. தலைவர் முதல் வரியைப் பாடினார். அடியில் ஒன்றும் இல்லை. தரை இல்லாத வீட்டில் நடப்பவரைப் போல அவர் குரல் தடுமாறியது. என் பக்கம் திரும்பி, சத்தத்தை ஏற்று என்று கை காட்டினார். நான் பத்து விரலாலும் அமுக்கினேன். டொக் டொக் என்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும் வந்தது. மறுபடியும் கை காட்டினார். மறுபடியும் டொக் டொக். இரண்டாவது அடிக்குள் தலைவர் வேறு சுருதிக்கே போய்விட்டார். மேஜைகளில் பேச்சு நின்றது. மேனேஜர் வாசல் பக்கமிருந்து வேகமாக வந்தார். தலைவர் என் விரல்களைப் பார்த்தார், பேஸ் கிட்டார்காரர் நிற்கிற காலி இடத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. டிரம்ஸ்காரரும் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார்.

ஒப்பந்தம் போனால் போகட்டும் என்று தோன்றியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். கீபோர்டைத் தூக்கி, ஒயர் செருகுகிற ஓட்டையை எல்லோருக்கும் காட்டினேன்.

"இதுல பிளக் இல்லைங்க. எனக்கு வாசிக்கவும் தெரியாது. இத்தனை நாளா இந்த ஹால்ல கேட்டதெல்லாம் அவர் வாசிச்சது. எங்க அத்தான். அதோ, கடைசி வரிசையில உக்காந்திருக்கார்."

ஹாலில் இருந்த இருநூறு தலையும் திரும்பியது. அத்தான் கையை மடியில் வைத்துக்கொண்டு, மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி விழித்தார். தலைவர் மேடையிலிருந்து இறங்கி வரிசை வரிசையாகத் தாண்டி அவரிடம் போனார்.

"அண்ணே, வாங்கண்ணே. என்னமோ புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

"ரெஸ்ட் எடுக்கச் சொன்னீங்களே தலைவரே."

அக்கா குறுக்கிட்டாள். "போங்க. போய் வாசிங்க. ஆனா அந்த டப்பாவை மேடையிலேருந்து எறக்கச் சொல்லிட்டு வாசிங்க."

நான் கீபோர்டை இறக்கிச் சுவரோரமாக வைத்துவிட்டு, அத்தான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மேனேஜர் எதையோ கேட்க வாயெடுத்து, சபையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அத்தான் பெடல் பலகையை எடுத்துவந்து, வழக்கமாக வைக்கிற மூலையில் வைக்காமல் மேடையின் முன்விளிம்பில் வைத்து விரித்தார். குனிந்து முதல் ஒயரைச் செருகினார். நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது ஒயரைச் செருகினார். திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகினார். யாரும் சாப்பிடவில்லை. ஒரு மனிதர் ஒயர் செருகுவதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு நேரம் ஆகாதே அக்கா. ரெண்டு நிமிஷத்துல மாட்டிடுவாரே" என்றேன்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. "நீ பேசாம இரு."